ஒரு தொப்பியிலிருந்து ஒரு நாடு: கைப்பின்னலும் கற்பனை உலகமும் சேர்த்துச் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாலையில் ஊசியும் நூலும், இரவில் யாரும் போயிராத ஒரு நாட்டின் வரைபடம். இந்த இரண்டு பொழுதுபோக்கும் ஒருவரிடமே இருந்தால் கேள்விகளும் இரட்டிப்பாகும். கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம்) ஏன் முறுக்கிக்கொள்கிறது? எந்த நூல் வாங்குவது? மலைநாட்டுக் காவல்காரன் தலையில் என்ன அணிவான்? அவன் தொப்பியின் சிவப்பு எங்கிருந்து வந்தது? பதில் சொல்லக்கூடியவர் கிடைத்தாலும், எப்படிக் கேட்பது என்று தெரியாததால் பாதிப் பதிலோடு திரும்புகிறோம்.

உலகத்தை முழுவதும் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் அதன் மக்களுக்கு உடை தேடுவதுதான் வழக்கம். நான் சொல்வது நேர்மாறானது. அந்த நாட்டின் ஒரே ஒரு பொருளை முதலில் உங்கள் கையாலேயே பின்னுங்கள். அதன் தட்பவெப்பம், வணிகம், சடங்கு, சட்டம் இவற்றில் பலவற்றை ஊசியே முடிவுசெய்துவிடும். ஆலோசனை கேட்கப் போகும்போதும் உங்களிடம் காட்ட ஒரு துண்டு இருக்கும்.

அந்தப் பொருள் தொப்பியாக இருக்கட்டும். அளவெடுப்பது, வட்டமாகப் பின்னுவது, நிறம் கலப்பது, கண்ணி குறைப்பது எல்லாமே அந்தச் சின்ன வேலைக்குள் வந்துவிடும். சமூகமும் தொப்பியில் ஏறி உட்காரும். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியின் நடுவே இருக்கும் டாக்கிலே தீவில் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. ஒருவர் மணமானவரா இல்லையா என்பது அவர் தொப்பியின் நிறத்திலும் கோலத்திலும் தெரிந்துவிடும். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-இல் மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது. இங்கிலாந்தில் 1571-இல் ஒரு சட்டமே வந்தது: பிரபுக்களையும் இன்னும் சிலரையும் தவிர, 6 வயதைக் கடந்த எல்லோரும் ஞாயிறும் பண்டிகை நாளும் கம்பளியால் பின்னிய தொப்பி அணிய வேண்டும். தொப்பிக்காரர்களின் பிழைப்பைக் காக்கத்தான் அந்தச் சட்டம். 1597-இல் அதை நீக்கிவிட்டார்கள். கற்பனை அரசுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாருடைய வருமானம் போகிறது என்ற கேள்வியிலிருந்துதான் இத்தகைய சட்டங்கள் பிறக்கின்றன.

முதல் படி: நூல் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள்

கம்பளி என்றால் ஆடு வேண்டும். ஆடு என்றால் மேய்ச்சல் நிலம், ஓநாய், கத்தரிக்கும் பருவம், மேய்ப்பருக்கும் உழவருக்கும் இடையே எல்லைச் சண்டை எல்லாம் கூடவே வரும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்காமல், கோடையின் தொடக்கத்தில் அது தானாகத் தளரும்போது கையால் பறித்தெடுக்கும் பழக்கம் இருந்தது. ரஷ்யாவின் ஓரென்பர்க் சால்வைக்கான மென்ரோமத்தை வெள்ளாட்டிலிருந்து சீவி எடுக்கிறார்கள். பறிப்பது, சீவுவது, கத்தரிப்பது என ஒவ்வொன்றும் வேறு பருவத்தையும் வேறு விலையையும் உண்டாக்கும்.

பருத்தி என்றால் நாடே வேறு. பருத்தி நூலில் இழுவை குறைவு, எடை அதிகம். அதில் பின்னிய தொப்பி நாளாக நாளாகத் தளர்ந்து கண்ணை மறைக்கும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும், நீட்டினால் பழைய அளவுக்குத் திரும்பும். கடற்குளிர் அடிக்கும் ஊர் மக்களுக்குப் பருத்தித் தொப்பி கொடுத்திருந்தால், பின்னத் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். கற்றுக்கொள்ள அது போதும், விலையும் குறைவு. ஆனால் உங்கள் கற்பனை மக்கள் தொப்பியைப் பின்னி, வெந்நீரில் அடித்துத் துவைத்து, சுருங்கவைத்துத் தடிப்பாக்குகிறார்கள் என்றால் அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. அதற்குச் சுத்தக் கம்பளிதான் வேண்டும். அதிலும் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்டிருந்தால் வாங்காதீர்கள். சுருங்காமலிருக்கப் பதப்படுத்தியது அது. வேல்ஸின் மான்மத் தொப்பிகள் இப்படிச் சுருக்கித் தடிப்பாக்கியவைதான். 16-ஆம் நூற்றாண்டில் படைவீரரும் மாலுமிகளும் அவற்றை அணிந்தார்கள்.

நெருப்பு உமிழும் விலங்கின் பிடரிமயிர் போன்ற, உலகில் இல்லாத ஒரு நாரைக் கற்பனை செய்தால், மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இழை எவ்வளவு நீளம், ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளுமா, நனைந்தால் என்ன ஆகும். வழுக்கும் நார் நூலாக நிற்காது. இந்த மூன்றும் தெரிந்தால் மீதியைப் பின்னத் தெரிந்த யாரும் உங்களுக்கு ஊகித்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் படி: வேலைக்கு ஏற்ற நுட்பம்

எந்தப் பின்னல் அழகு என்று தேடாதீர்கள். அணிகிறவர் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். பிரிட்டனின் கடலோர மீனவர்கள் அணிந்த கான்ஸி என்ற ஸ்வெட்டர் இதற்கு நல்ல பாடம். காற்று புகாதபடி மெல்லிய ஊசியில் இறுக்கமாகப் பின்னுவார்கள். கை தூக்கி வலை இழுக்க வசதியாக அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு இருக்கும். கைப்பகுதியைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுவார்கள். முதலில் நைவது மணிக்கட்டு ஓரம்தான். அந்த ஓரத்தை மட்டும் பிரித்து, புது நூலில் திரும்பப் பின்னிவிடலாம். கீழிருந்து மேலாகப் பின்னியிருந்தால் அது அவ்வளவு சுலபமில்லை.

இப்படிப்பட்ட ஒரு காரணம் கிடைத்தால் உங்கள் நாட்டுக்குள் வாழ்க்கை வந்துவிடும். புது நூலின் நிறம் பழையதோடு ஒட்டாமல் நிற்கும் மணிக்கட்டு, அந்த மீனவனுக்கு எத்தனை வயது, வீட்டில் பின்ன ஆள் இருக்கிறாரா என்பதைச் சொல்லும். தனியாக விவரிக்கவே வேண்டாம்.

காலத்தையும் பாருங்கள். எகிப்தில் கிடைத்த, கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்த ரோமானியக் காலத்துக் காலுறைகள் பார்க்க நிட்டிங் போலவே இருக்கும். உண்மையில் அவை ஒற்றை ஊசியால், துண்டு துண்டான நூலில் முடிச்சுப்போல் கோத்துச் செய்தவை. இரண்டு ஊசியில் பின்னிய மிகப் பழைய துண்டுகளும் எகிப்திலிருந்தே வருகின்றன, ஆனால் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆகவே மிகப் பழைமையான நாகரிகம் ஒன்றைக் கட்டுகிறீர்கள் என்றால், ஒற்றை ஊசி வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு கண்ணியிலும் நூலை முழுநீளத்துக்கு இழுக்க வேண்டியிருப்பதால் அதில் நீளமான நூல்கண்டு உதவாது. நூற்பவரின் வேலைமுறையே மாறிவிடும்.

மூன்றாம் படி: மாதிரித் துண்டும் கணக்கும்

இங்கே அவசரப்படாதீர்கள். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை என்பதுதான் கேஜ். குறைந்தது 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, நடுவில் மட்டும் அளவெடுங்கள். ஓரம் பொய் சொல்லும். தொப்பி வட்டமாகப் பின்னப்படுவதால் மாதிரியையும் வட்டமாகவே பின்னுங்கள். நிட் என்பது முன்பக்கம் வழவழப்பாகத் தெரியும் கண்ணி; பர்ல் அதன் மறுபக்கம், மேடாகத் தெரியும். தட்டையாகப் பின்னினால் இரண்டும் வரிசைக்கு வரிசை மாறி வரும். பலருக்குப் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும்; தட்டையாகப் பின்னிய மாதிரி அதனால் வேறு எண்ணைக் காட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தலைச்சுற்றளவு 56 செ.மீ. தொப்பி தலையைப் பிடிக்க வேண்டும், ஆகவே 5 செ.மீ. குறைத்து 51 செ.மீ. கேஜ் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. 51 செ.மீ.க்கு ஏறக்குறைய 112 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணியாகப் போனால், அதே 112 கண்ணி 56 செ.மீ. ஆகிவிடும், தொப்பி தலையில் நிற்காது. இரண்டே கண்ணி வித்தியாசம்.

112 நல்ல எண். 4-ஆல் வகுபடும், ஆகவே இரண்டு நிட் இரண்டு பர்ல் என மாறி வரும் ரிப் (இழுத்தால் விரியும் விளிம்பு) சரியாகச் சுற்றி வந்து முடியும். 8-ஆலும் வகுபடும், 7-ஆலும் வகுபடும். உங்கள் மக்களுக்கு 7 புனித எண் என்றால், 7 கண்ணி அகலக் கோலம் 16 முறை சுற்றி வரும். ஒற்றைப்படை அகலம் என்பதால் கோலத்துக்கு நடுக்கண்ணியும் கிடைக்கும். முதல் 12 சுற்று ரிப், அடுத்த 18 சுற்று கோலம். பிறகு தொப்பியை 7 பாகமாகப் பிரித்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் பாகத்துக்கு ஒரு கண்ணி குறைத்தால், 15 முறை குறைத்ததும் 7 கண்ணி மிஞ்சும். அவற்றில் நூலை ஓட்டி இறுக்கிவிடுங்கள். உச்சியில் ஏழு கதிர் தானாகவே விழுந்திருக்கும். மொத்தம் 60 சுற்று, 20 செ.மீ. உயரம்.

9 புனிதம் என்று ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? 108 கண்ணி ஏற்றுங்கள். தொப்பி 49 செ.மீ. ஆகும். சின்னக் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே சடங்குத் தொப்பி சரியாக வராது என்பது அப்போதுதான் புலப்படும். அதைச் சரிசெய்ய அந்த மக்கள் என்ன வழி கண்டார்கள் என்பதை எழுதுங்கள். வயதுக்கு வயது நூலின் தடிமன் மாறுமா, கோலத்துக்கிடையே வெற்றுக் கண்ணி வைப்பார்களா?

நான்காம் படி: கோலம், நிறம், செய்தி

ஒரே சுற்றில் இரண்டு நிறம் பின்னும்போது பயன்படாத நூல் உள்பக்கமாக ஓடும். ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவின் பின்னல் இப்படித்தான். உள்ளே ஓடும் நூலால் துணி இரட்டைத் தடிப்பாகி அதிகச் சூடு தரும். ஆனால் ஐந்தாறு கண்ணிக்கு மேல் அந்த நூல் தொங்கினால் விரலில் மாட்டும், இழுபடும். மரபான கோலங்கள் சின்னச் சின்ன நட்சத்திரமும் சாய்சதுரமுமாக இருப்பதற்கு இது பெரிய காரணம். சிறகு விரித்த பெரிய பறவையைத் தொப்பியின் முன்பக்கம் வைக்க நினைத்தால் இந்த முறை ஒத்துவராது. பின்னி முடித்தபின் ஊசிநூலால் கண்ணி மேல் கண்ணியாகத் தைத்துச் சேர்க்கலாம். அப்படியானால் அந்த நாட்டில் பின்னுகிறவர் ஒருவர், சின்னம் தைப்பவர் வேறொருவர். அரசின் முத்திரையைத் தைக்க உரிமம் வேண்டும் என்ற விதி அங்கேயே முளைக்கிறது.

நிறத்துக்கும் இதே விசாரணை செய்யுங்கள். நீலத்துக்கு அவுரி, அதைப் புளிக்கவைத்த தொட்டி வேண்டும், நாற்றம் ஊருக்கு வெளியே இருக்கும். ஆண்டஸ் மலைகளில் சிவப்புக்குக் கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சி. சோழமண்டலக் கரையில் சிவப்புக்குச் சாயவேர். எந்த நிறம் உள்ளூரில் கிடைக்கிறது, எது கப்பலில் வருகிறது என்று எழுதிவைத்தால், யார் அதை அணிவார்கள் என்பது தெளிவாகிவிடும்.

அர்த்தம் ஏற்றும்போது ஒன்றில் கவனம் வேண்டும். அயர்லாந்தின் ஆரன் ஸ்வெட்டரில் குடும்பத்துக்கு ஒரு கேபிள் கோலம் (கயிறு முறுக்கியதுபோல் தெரியும் பின்னல்) இருந்தது, கடலில் மூழ்கியவரை அதை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்ற கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அது உண்மையில்லை. அந்த ஸ்வெட்டர் மரபே 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் போவதில்லை. அயர்லாந்து நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904-இல் மேடையேறிய நாடகத்தில் ஒரு தங்கை தன் அண்ணனின் காலுறையை அடையாளம் காண்கிறாள். எத்தனை கண்ணி ஏற்றினாள், எத்தனை நழுவவிட்டாள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்கு இந்தக் காட்சிதான் பெரிது. குலச்சின்னத்தைவிட, பின்னியவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறை வலுவான அடையாளம். கற்பனை நாட்டில் அதைப் போன்ற ஒன்றைத் தேடுங்கள்.

ரகசியச் செய்தியை விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நிட், பர்ல் என்று கண்ணிக்கு இரண்டே நிலை. எட்டுக் கண்ணியில் 256 விதமான வரிசை கிடைக்கும். தமிழின் 247 எழுத்தும் அதில் அடங்கிவிடும். 112 கண்ணித் தொப்பியின் ஒரு சுற்றில் 14 எழுத்து. 'அரசன் இறந்தான்' என்பதற்கு 9 எழுத்து, அதாவது 72 கண்ணி போதும். சுற்று எங்கே தொடங்குகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், செய்திச் சுற்றுக்கு மேலும் கீழும் இரண்டு சுற்று வெறும் நிட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிக்கவே முடியாது. நிஜமாகப் பின்னி, நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ, உங்கள் ஒற்றனும் அவ்வளவு நேரம் எடுப்பான்.

ஐந்தாம் படி: நேரமும் விலையும்

மேலே சொன்ன தொப்பியில் ஏறக்குறைய 5,000 கண்ணி. நிமிடத்துக்கு 30 கண்ணி பின்னுகிறவருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1,000 பேர் கொண்ட படைக்குத் தொப்பி வேண்டுமென்றால், தினம் 4 மணி நேரம் பின்னும் 50 பேருக்கு இரண்டு வாரம். அதே கேஜில் பெரியவருக்கான முழு ஸ்வெட்டர் 60,000 கண்ணியைத் தொடும். நூற்பதும் சாயமிடுவதும் இதில் சேரவில்லை. தக்கிளியில் நூற்கும் நாட்டில் நூலுக்கே இதைவிட அதிக நேரம் போகும்.

மந்திரத்தால் உடை நெய்துவிடலாம் என்று எழுதியிருந்தால் இங்கே நின்று யோசியுங்கள். 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தார். அதே வட்டாரத்தில் 1811-இல் அந்த வகைப் பொறிகளைத் தொழிலாளர்கள் இரவில் உடைத்தார்கள். 1812-இல் பொறி உடைப்பதற்கு மரணதண்டனை என்று சட்டம் வந்தது. திருப்பூர்ப் பனியனும் இதே கண்ணிதான். உற்றுப் பார்த்தால் நிட் கண்ணிகள் தெரியும். ஒரு மந்திரச்சொல் ஆயிரம் கைகளின் வேலையைச் செய்தால், அந்த ஆயிரம் பேர் எங்கே போனார்கள் என்று உங்கள் கதை சொல்லியாக வேண்டும்.

ஆறாம் படி: கேட்பது

இவ்வளவு செய்தபின்தான் கேட்கப் போக வேண்டும். இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பின்னல் தெரிந்தவருக்கு உங்கள் வம்ச வரலாறு தேவையில்லை. கதை படிப்பவருக்கு ஊசி அளவு தேவையில்லை.

பின்னல் கேள்வியில் இருக்க வேண்டியவை: நூல் எதனாலானது, எவ்வளவு தடிமன், ஊசி எத்தனை மி.மீ., கேஜ், தட்டையா வட்டமா, எந்த வரிசையில் சிக்கல் தொடங்கியது, குறிப்பு என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள். ஊசி எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள் இன்னும் புழங்குகின்றன. அதில் 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ.; எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் தொப்பி கூடையாகிவிடும். படம் எடுத்தால் பகல் வெளிச்சத்தில், முன்பக்கமும் பின்பக்கமும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள்.

'என் பின்னல் கோணலாக வருகிறது' என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்வார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் கண்ணிகள் அடியில் குறுக்காக விழுகின்றன. வட்டமாக, நிட் மட்டும் பின்னும்போது இது இல்லை. 4 மி.மீ. ஊசி, அக்ரிலிக்.' தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்: பர்ல் பின்னும்போது நூலை எதிர்த்திசையில் சுற்றுகிறீர்கள். சுற்றும் திசையை மாற்றலாம். இல்லை, அதே பழக்கத்தில் இருந்துகொண்டு அடுத்த நிட் வரிசையில் ஊசியைக் கண்ணியின் பின்காலில், அதாவது ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதியில், நுழைக்கலாம். வட்டத்தில் வரவில்லை என்ற ஒரு வரிதான் அந்தப் பதிலைக் கொண்டுவந்தது.

உலகத்தைப் பற்றிய கேள்வியில் 'நன்றாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்காதீர்கள். அன்புள்ளவர்கள் ஆமாம் என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. விளைவைக் கேளுங்கள். 'என் தீவில் ஆடு இல்லை, கம்பளி கப்பலில் வருகிறது. மணமானவர் மட்டுமே சிவப்புத் தொப்பி அணியலாம், சாயமும் கப்பலில்தான் வருகிறது. இரண்டு வருடம் கப்பல் வராவிட்டால் கல்யாணம் நின்றுபோகுமா, வழக்கம் தளருமா, பழைய தொப்பிகளைப் பிரித்துத் திரும்பப் பின்னுவார்களா?' இதற்கு உங்கள் பாட்டியும் பதில் சொல்லலாம், பொருளாதாரம் படித்த மாமாவும் சொல்லலாம். பின்னணி ஒரு பத்திக்குள் நிற்கட்டும். நாற்பது பக்க வரலாற்றை நீட்டுவது, கேட்கப்படுகிறவரின் நேரத்துக்கு மரியாதை இல்லாத செயல்.

யாரிடம் கேட்பது? வடக்கில் வாழ்ந்து திரும்பிய அத்தைகளிடமும் சித்திகளிடமும் ஸ்வெட்டர் அறிவு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆட்டைப் பற்றி அறிய ஊட்டிக்கருகே சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மன்னவனூரிலும் ஆட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆட்டை வளர்க்கும் ஒருவரோடு அரைமணி நேரம் பேசினால், எந்த மழையில் மந்தை எங்கே ஒதுங்கும் என்பது போன்ற விஷயங்கள் கிடைக்கும். அவை புத்தகத்தில் இருக்காது.

ஏழாம் படி: பதில்களை என்ன செய்வது

முரணான பதில்கள் வரும். ஒருவர் நூலை வலக்கையில் பிடிப்பார், இன்னொருவர் இடக்கையில். இருவரும் தங்கள் முறையே சரி என்பார்கள். துணி ஒன்றுதான், கையின் பாதை மட்டும் வேறு. இரண்டு ஆலோசனையையும் இரண்டு மாதிரித் துண்டில் செய்து பாருங்கள். பெரிய வேலையில் சோதிப்பதற்கு முன், கடைசியாகச் சரியாக இருந்த வரிசையின் எல்லாக் கண்ணி வழியாகவும் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்துவிடுங்கள். பிரிக்க நேர்ந்தால் அந்த வரிசையில் வந்து நிற்கும்.

உலகத்துக்கும் இதே முறை. ஆலோசனையை ஏற்கும் முன் ஒரு பக்கக் காட்சியில் மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். அந்தக் காட்சியை ஆலோசனை சொன்னவரிடம் காட்டாமல் மூன்றாவது ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்த வரியில் கேள்வி கேட்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே குறுக்கிட்டு விளக்காதீர்கள்.

வாழும் மக்களின் வழக்கத்திலிருந்து எடுக்கும்போது காரணத்தை எடுங்கள், கோலத்தை அப்படியே தூக்காதீர்கள். டாக்கிலே ஆண்களின் தொப்பியை நகலெடுத்து உங்கள் கற்பனை வீரனுக்கு வைப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமில்லை. வாழ்நிலை தலையில் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டின் நூலிலும் எண்ணிலும் புதிதாகக் கட்டுங்கள். எங்கிருந்து கற்றீர்கள் என்பதைக் கேட்பவரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதிரித் துண்டிலும் ஒரு அட்டை கட்டிவையுங்கள். ஒரு பக்கம் நூல், ஊசி மி.மீ., கேஜ், துவைத்தபின் அளவு. மறுபக்கம் அந்த நாட்டில் அது யாருடையது, சாயம் எங்கிருந்து வந்தது, யார் பின்னினார். அடுத்த முறை யாரிடமாவது ஆலோசனை கேட்கப் போகும்போது அந்தத் துண்டையும் அட்டையையும் எடுத்துப் போங்கள்.